செவிப்புலனைக் காக்க ஒலியின் அளவை அறிவோம்

காலை வேளையில் களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையின் முன்பாகச் சிறிது நேரம் நின்று பார்த்தால் எமது நகர வாழ்வின் ஓர் உண்மையை உணர்ந்துகொள்ளலாம். பஸ் வண்டிகளின் ஹோன் ஓசையும் முச்சக்கர வண்டிகளின் இரைச்சலும் லொறிகளின் உறுமலும் வைத்தியசாலையின் மதிலைக் கடந்து உள்ளே செல்கின்றன. அதே வீதியில் பாடசாலைக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் இளைஞர், யுவதிகளில் பலர் காதுகளில் ஹெட்போன்களைச் செருகியவாறு நடக்கின்றனர். வீதியின் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. ஹெட்போனுக்குள் ஒலிப்பது அதனை அணிந்தவருக்கு மாத்திரமே கேட்கிறது. எனினும் இவ்விரண்டுக்குமிடையே நெருங்கிய தொடர்புண்டு. வீதியின் சத்தம் கூடும்போது அதனை மறைப்பதற்காக ஹெட்போனின் ஒலியையும் நாம் கூட்டிக்கொள்கிறோம். எமது செவிகளுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஆரம்பிக்கின்றது.

கண்பார்வை குறைந்தால் பத்திரிகை வாசிக்கும்போதே நாம் அதனை உணர்ந்துகொள்கிறோம். உடனே கண்ணாடி வாங்குகிறோம். செவிப்புலன் அவ்வாறு குறைவதில்லை. அது வலியின்றி, இரத்தமின்றி, பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தேய்கிறது. பாதிக்கப்பட்டவர் அதனை உணரும் வேளையில் இழந்ததை மீளப் பெற வழியிருப்பதில்லை. ஆகவே ஒலி எவ்வாறு காதைப் பாதிக்கிறது, எந்த அளவுவரை அது பாதுகாப்பானது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

காதினுள் நடப்பது என்ன?

ஒலியலைகள் வெளிக்காதின் வழியாகச் சென்று செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வைச் சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் மூன்று சிறு எலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் நத்தையின் ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பினுள் திரவம் நிறைந்துள்ளது. அத்திரவம் அசையும்போது அங்கு வரிசையாக அமைந்துள்ள மயிர்க்கலங்கள் வளைந்து நிமிர்ந்து, அவ்வசைவை நரம்புச் சைகையாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. நாம் கேட்கும் பாட்டும் பேச்சும் பிரார்த்தனையும் இக்கலங்களின் வழியாகவே எமக்குப் புலனாகின்றன.

ஒரு காதில் இத்தகைய மயிர்க்கலங்கள் சுமார் 15,000 மாத்திரமே உள்ளன. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவை என்பதனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய சேமிப்பு என்பது விளங்கும். பறவைகளின் காதில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் உருவாகின்றன. மனிதனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறக்கும்போது கிடைத்தவற்றைக் கொண்டே வாழ்நாள் முழுவதையும் கழிக்க வேண்டும்.

கடும் ஒலியில் இக்கலங்கள் அளவுக்கு மீறி வளைந்து களைப்படைகின்றன. திருமண மண்டபமொன்றில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் இருந்துவிட்டு வீடு திரும்பியதும் காது அடைத்தது போலவும், உள்ளே ஓர் இரைச்சல் கேட்பது போலவும் இருப்பதை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். மறுநாள் காலையில் அது நீங்கிவிடுவதால் காது குணமாகிவிட்டதெனக் கருதுகிறோம். ஆனால் அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு மேற்கொண்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று வேறு விதமாகக் கூறியது. கடும் ஒலிக்குப் பின்னர் அவ்வெலிகளின் கேட்கும் திறன் வழமைக்குத் திரும்பியபோதிலும், பாதிக்கப்பட்ட பகுதியில் மயிர்க்கலங்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு நிரந்தரமாக அழிந்திருந்தன. காதிரைச்சல் ஓர் எச்சரிக்கை மணி என்பதையும், அது ஓய்ந்துவிட்டதால் மாத்திரம் ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒலியும் நேரமும்

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகினால் குறிக்கின்றனர். இந்த அலகு சாதாரண அளவுகோலைப் போன்றதன்று. 80 டெசிபலுக்கும் 90 டெசிபலுக்கும் இடையே சிறிய வேறுபாடே உள்ளது போலத் தோன்றலாம். உண்மையில் 90 டெசிபல் ஒலியில் உள்ள சக்தி 80 டெசிபலிலும் பார்க்கப் பத்து மடங்காகும். ஒவ்வொரு 3 டெசிபல் அதிகரிப்புக்கும் ஒலியின் சக்தி இரு மடங்காகின்றது. சாதாரண உரையாடல் சுமார் 60 டெசிபல் ஆகும். வாகன நெரிசல் மிக்க வீதியின் ஓரத்தில் அது 80 டெசிபலை எட்டக்கூடும். கையடக்கத் தொலைபேசியின் ஒலியை உச்சத்தில் வைத்தால் ஹெட்போன்கள் பல 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்க வல்லவை.

செவிக்கு ஏற்படும் தீங்கு ஒலியின் அளவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதிலும் அது தங்கியுள்ளது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2019 இல் வெளியிட்ட நியமத்தின்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம்வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபலால் கூடும்போது அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறைகிறது. அதாவது 83 டெசிபலாயின் 20 மணித்தியாலம், 86 டெசிபலாயின் 10 மணித்தியாலம், 89 டெசிபலாயின் 5 மணித்தியாலம். 100 டெசிபலாயின் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம் மாத்திரமே. சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு 80 இலிருந்து அல்லாமல் 75 டெசிபலில் இருந்து ஆரம்பிக்கின்றது.

இதனை எமது அன்றாட வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். மொறட்டுவையிலிருந்து காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குச் செல்லும் 101 இலக்க பஸ்ஸில் ஒருவர் போகவும் வரவும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் செலவிடுகிறார் எனக் கொள்வோம். பஸ்ஸின் இயந்திர ஓசையையும் வீதி இரைச்சலையும் மீறிப் பாட்டுக் கேட்பதற்காக அவர் 86 டெசிபல் அளவில் ஹெட்போனை வைத்துக்கொண்டால், ஐந்து வேலை நாட்களில் 10 மணித்தியாலம் ஆகிவிடும். ஒரு வாரத்துக்குரிய முழு அனுமதியும் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடுகிறது. அவர் வீட்டில் இரவு நேரத்தில் பார்க்கும் திரைப்படமும், ஞாயிற்றுக்கிழமை செல்லும் திருமண வீடும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. அதே அளவில் கேட்பவர் ஒரு சிறுவனாயின் அவனுக்குரிய வாராந்த அனுமதி சுமார் மூன்று மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும்.

கேட்பது எதுவென்பதைக் காது பிரித்தறிவதில்லை. சினிமாப் பாட்டாயினும், தேவாரமாயினும், கிராஅத்தாயினும், கிரிக்கெட் வர்ணனையாயினும், ஆசிரியரின் பாடமாயினும் மயிர்க்கலங்களுக்கு அது வெறும் அதிர்வே. நல்லதைக் கேட்கிறோம் என்பதால் அதிக சத்தத்தில் கேட்கலாம் என எண்ணுவது தவறாகும்.

வோக்மனிலிருந்து இன்றுவரை

1979 ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி ஜப்பானின் சோனி நிறுவனம் வோக்மன் கருவியை அறிமுகப்படுத்தியது. மத்திய கிழக்கு நாடுகளில் தொழில் புரிந்து திரும்பியோர் எண்பதுகளில் அதனை எமது வீடுகளுக்கும் கொண்டுவந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்நாளில் அதனைக் கண்டு வியந்தவர்கள் இன்றும் உள்ளனர். ஆனால் அக்கருவிக்கு இயற்கையாகவே சில எல்லைகள் இருந்தன. ஒலிநாடாவின் ஒரு பக்கம் அரை மணித்தியாலத்தில் அல்லது முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பற்றரி தீர்ந்துவிடும். அந்த இடைவெளிகள் காதுக்கு ஓய்வாக அமைந்தன. இன்றைய கையடக்கத் தொலைபேசியில் பாட்டுகளுக்கு முடிவில்லை. ஹெட்போனும் நாள் முழுவதும் காதிலேயே இருக்கிறது.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், தொலைபேசி வழியாகவே பாடம் கேட்கும் பழக்கம் எமது பிள்ளைகளிடையே பரவியது. சிறிய வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடம் கேட்கும்போது ஹெட்போன் தவிர்க்க முடியாததாயிற்று. பாடசாலைகள் திறக்கப்பட்ட பின்னரும் பல வீடுகளில் அப்பழக்கம் நீங்கவில்லை. பாடத்துக்குப் பின்னர் விளையாட்டு, விளையாட்டுக்குப் பின்னர் பாட்டு எனக் காது ஓய்வின்றி உழைக்கிறது.

பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதனால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளம் வயதினர் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது. 2050 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 250 கோடி மக்கள் ஏதோவோர் அளவில் செவிப்புலன் குறைந்தவர்களாக இருப்பர் என அதன் 2021 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. முதுமையால் வரும் குறைபாடும் இதில் அடங்கும். ஆனால் ஒலியினால் வரும் குறைபாடு முற்றாகத் தவிர்க்கக்கூடியது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

"கேட்கிறது, விளங்கவில்லை"

கடும் ஒலியினால் ஏற்படும் பாதிப்பு முதலில் 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையிலான உயர்ந்த சுருதிகளையே தாக்குகிறது. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை தெளிவாகவே கேட்கும். ச, ஸ போன்ற மெல்லிய ஓசைகளே முதலில் மங்குகின்றன. ஆகவே பாதிக்கப்பட்டவர், "நீங்கள் பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்பார். அமைதியான அறையில் இருவர் பேசும்போது அவருக்குச் சிரமம் இராது. விருந்து வீட்டிலோ கடைத்தெருவிலோ பலர் பேசும் இடத்தில் தடுமாறுவார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். ஒன்றையே இரண்டு மூன்று தடவை கேட்பார். வகுப்பறையில் இவ்வாறு தடுமாறும் பிள்ளையைக் கவனமற்ற பிள்ளை எனப் பெற்றோரும் ஆசிரியரும் கடிந்துகொள்வதும் உண்டு.

இத்தகைய அறிகுறிகள் இருப்பின் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரை நாடிச் செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இச்சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் எம்மவரிடையே ஒரு தயக்கம் உண்டு. கண்ணாடி அணிவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. செவிப்புலன் கருவி அணிந்தால் மாத்திரம் திருமணப் பேச்சுக்குத் தடையாகுமே, ஊரார் பேசுவார்களே என அஞ்சுகின்றனர். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் குறைபாட்டைப் பல குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. இவ்வாறு மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அப்பிள்ளையின் கல்விக்கும் தன்னம்பிக்கைக்கும் நட்டமாகும்.

மேரி செப்மன் அம்மையார் 1912 இல் ஆரம்பித்த, செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை இன்று காலி வீதியை ஒட்டிய இரத்மலானையில் இயங்குகிறது. செவிப்புலனின்றிப் பிறந்த பிள்ளைகள் சைகை மொழியைக் கற்று, கல்வி பெற்று, தமக்கென ஒரு சமூகத்தையும் அமைத்துக்கொள்ள இத்தகைய நிறுவனங்கள் உதவியுள்ளன. முப்பது நாற்பது வயதில் ஒலியினால் செவிப்புலனை இழப்பவருக்குச் சைகை மொழியும் தெரியாது, பேச்சும் விளங்காது. அவர் தமது குடும்பத்தின் நடுவிலேயே தனித்துப் போய்விடுகிறார். மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளுள் ஒன்றாகச் செவிப்புலன் குறைபாட்டை மருத்துவ ஆய்வாளர்கள் இன்று குறிப்பிடுகின்றனர்.

இங்கு மற்றொரு விடயத்தையும் கூற வேண்டும். இந்தியத் திரைப்படப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், தமக்கு வைரஸ் தாக்கத்தினால் திடீரென உட்காது செவிப்புலன் குறைபாடு ஏற்பட்டதாக 2024 ஜூன் மாதத்தில் அறிவித்தார். அவருக்கு நேர்ந்தது ஒலியினால் அன்று. ஆயினும் அவ்வறிவிப்பிலேயே கடும் சத்தமுள்ள இசையையும் ஹெட்போனையும் குறித்து அவதானமாக இருக்குமாறு இளையோரைக் கேட்டுக்கொண்டார். திடீரென ஒரு காது கேளாமற் போனால் அது சளி அல்லது காதழுக்கு என எண்ணி நாட்களைக் கடத்தலாகாது. ஆரம்ப நாட்களிலேயே சிகிச்சை பெற்றால் ஓரளவேனும் மீள வாய்ப்புண்டு. தாமதித்தால் அவ்வாய்ப்பு அருகிவிடும். காதில் எண்ணெய் விடுவதும், ஊசியினாலோ பஞ்சுக் குச்சியினாலோ குடைவதும் நிலைமையை மோசமாக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

ஹெட்போனை முற்றாகக் கைவிடுங்கள் என நாம் கூற வரவில்லை. அதனை முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். ஒலியின் அளவை உச்சத்தின் 60 வீதத்துக்கு மேல் செல்லவிடாமல் வைத்துக்கொள்ளலாம். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடமாவது ஹெட்போனைக் கழற்றி வைக்கலாம். ஒரு கை நீள தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால் ஒலி மிகையாகிவிட்டது எனக் கொள்ளலாம். பாட்டுக் கேட்டுக்கொண்டே உறங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அமைதியான அறையில் ஒலியின் அளவைத் தெரிவுசெய்து, பஸ்ஸில் ஏறிய பின்னரும் அதனைக் கூட்டாமல் இருப்பது சிறந்த பயிற்சியாகும். அந்த அளவில் பாட்டு விளங்காவிட்டால் அந்த இடம் பாட்டுக் கேட்பதற்கு உகந்ததன்று என்றே கொள்ள வேண்டும். காதை முழுமையாக மூடும் ஹெட்போன்களும், வெளிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியுள்ளவையும் ஒலியைக் கூட்டும் தேவையைக் குறைக்கின்றன. பல தொலைபேசிகளில் உச்ச ஒலியளவுக்கு வரம்பு விதிக்கும் வசதி உண்டு. பெற்றோர் அதனைத் தேடியறிந்து பிள்ளைகளின் தொலைபேசிகளில் வரம்பை அமைத்துக் கொடுக்கலாம்.

வெளிச் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போனுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடற்கரையோர ரயில் பாதையைக் கடந்து செல்வோரும், அதன் வழியே நடப்போரும் பலர். கடலிரைச்சலோடு ஹெட்போனும் சேர்ந்தால் நெருங்கி வரும் ரயிலின் ஓசை கேட்காது. ரயில் பாதையிலும் வீதியைக் கடக்கும்போதும் இரு காதுகளும் திறந்திருக்க வேண்டும்.

திருமண மண்டபத்திலும் விளையாட்டுப் போட்டியிலும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளியிருப்பதே முதற்பாதுகாப்பு. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. கைக்குழந்தைகளையும் முதியோரையும் பெட்டிகளுக்கு அருகில் அமர்த்தலாகாது. காதில் வைக்கும் பஞ்சு போதிய பயன் தராது. அதற்கென விற்கப்படும் காதடைப்பான்களையே பயன்படுத்த வேண்டும்.

பொது ஒலிக்கும் பொறுப்பு வேண்டும்

தனிநபர் எவ்வளவு அவதானமாக இருந்தாலும், சூழ இருக்கும் இரைச்சல் குறையாவிட்டால் ஹெட்போனின் ஒலி மீண்டும் ஏறவே செய்யும். 1996 இல் வெளியிடப்பட்ட தேசிய சுற்றாடல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர சபைப் பகுதிகளில் பகலில் 63 டெசிபலும் இரவில் 50 டெசிபலும் எல்லை என விதித்தன. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்கு உட்பட்ட பகுதி அமைதி வலயமாகக் கொள்ளப்பட்டு, அங்கு பகலில் 50 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லையாக்கப்பட்டன. களுபோவில வைத்தியசாலையின் வாயிலில் ஹோன் அடிக்கும் சாரதி ஒருவர் இதனை அறிந்திருப்பாரா என்பது ஐயமே.

2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் நினைவுகூரத்தக்கது. வெலிகமவிலுள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கிப் பாவனை தொடர்பாக எழுந்த வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்குமிடையே ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது என நீதிமன்றம் பணித்தது. விசேட சமய வைபவங்களுக்கு அயலவரின் கருத்தை அறிந்து விதிவிலக்கு அளிக்கவும் இடம் வைத்தது. வழக்கு ஒரு பள்ளிவாசலைச் சார்ந்து எழுந்தபோதிலும், கட்டளை எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானதாகவே அமைந்தது. விகாரையின் பிரித் ஓதலாயினும், கோவில் திருவிழாவாயினும், தேவாலயப் பெருவிழாவாயினும், அரசியல் கூட்டமாயினும் அயல் வீட்டிலுள்ள நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் கைக்குழந்தைக்கும் அமைதி தேவை என்பதே அதன் அடிப்படையாகும். இது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டியதன்று. அயலவரின் உரிமையை மதிப்பது எமது சமயங்கள் அனைத்தும் போதிக்கும் பண்பாகும். கோவில் தர்மகர்த்தாக்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் மண்டப உரிமையாளர்களும் தாமாகவே முன்வந்து ஒலியைக் குறைத்தால் பிணக்குகளுக்கும் இடமிராது.

கேளிக்கை இடங்களுக்காக உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் வெளியிட்ட நியமம், 15 நிமிட சராசரியாக 100 டெசிபலை மீறலாகாது எனவும், வருவோர் காதுக்கு ஓய்வளிக்க அமைதியான இடமொன்று ஒதுக்கப்பட வேண்டும் எனவும் கூறுகின்றது. எமது திருமண மண்டபங்களில் இதனைக் கடைப்பிடிப்பதற்குப் பெரும் செலவு ஏற்படாது. ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வீட்டாருக்கு மனமிருந்தால் போதுமானது.

பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்வது முஸ்லிம்களின் வழக்கம். சைவர்கள் தீட்சையின்போது குருவிடமிருந்து மந்திரத்தைச் செவி வழியாகவே பெறுகின்றனர். தாயின் தாலாட்டும் ஆசானின் பாடமும் எம்மை வந்தடைந்ததும் அவ்வழியாகவே. அத்தகைய செவியை ஒரு சிறிய கருவியின் ஒலிக்கு இரையாக்குவது பேரிழப்பாகும். இன்றிரவே எமது பிள்ளைகளின் ஹெட்போனை ஒரு தடவை எமது காதில் வைத்துப் பார்ப்போம். அது எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்பதை அறிந்து, அவர்களோடு அமர்ந்து பேசி, அதனைக் குறைக்கச் செய்வோம். அவர்களது செவியைக் காப்பதற்கு அதுவே முதற்படியாக அமையும்.